சிம்பிளா ஒரு காதுகுத்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் லோகேஷ் வேலை பார்க்கும் ஆபீசில் ஒரு சொல்லுக்கு அனுமதி கிடையாது. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. 'சிம்பிள்' என்கிற சொல்தான். வெளிநாட்டுக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற கம்பெனி அது. அதை எப்படி இயக்குவது என்று ஆங்கிலத்தில் உதவிப் பக்கங்கள் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் அவன் வேலை. சேருகிற முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: உதவிப் பக்கத்தைத் திறக்கிறவன் ஏற்கெனவே எங்கேயோ மாட்டிக்கொண்டு முழிக்கிறவன். அவனிடம் போய் 'இது சிம்பிள்' என்றால், இதுகூடவா உனக்குத் தெரியவில்லை என்று கேட்ட மாதிரி. என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும் எழுது. அது சுலபமா கஷ்டமா என்று செய்கிறவன் சொல்லிக்கொள்ளட்டும்.

அதனால் லோகேஷ் தினமும் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தான். எடுத்த பிறகும் வாக்கியம் அப்படியே நிற்கும். ஒன்றும் குறைந்துபோகாது.

திருமுல்லைவாயிலில் அவன் வீட்டிலோ அந்தச் சொல் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. அவன் மனைவி அகல்யாவுக்கு ஜுரம் வந்தபோது தெருமுனை கிளினிக்கில் சிம்பிள் வைரல் என்றார்கள். லோகேஷ் அதையே போனில் அவள் அண்ணன் அருளிடம் சொன்னான். அந்த வாரம் முடிவதற்குள் ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். அடுத்த வாரம் அவள் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தை சிம்பிளாகப் பண்ணிவிடலாம் என்றார் அப்பா பரந்தாமன். சின்ன வயசுச் சாவு, ஊரைக் கூட்ட வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். பீரோவை சிம்பிளாக வைத்துக்கொள் என்றாள் அம்மா வசந்தா. செத்துப்போனவள் புடவைகளை எடுத்துக் கொடுத்துவிடு என்று அர்த்தம். இப்போது ஆவடியில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். கிருஷ்ணப்பிரியா என்று பெயர். நிச்சயம் வரைக்கும் போய் ஒருமுறை கல்யாணம் நின்றுபோன பெண். "ரொம்ப சிம்பிளான பொண்ணுடா" என்றாள் அம்மா. எதையும் கேட்கமாட்டாள் என்று அர்த்தம்.

லோகேஷ் எல்லாவற்றுக்கும் சரி என்றான். சூடாகக் கொடுத்தால் சூடாகக் குடித்தான், ஆறிப்போனதைக் கொடுத்தால் ஆறிப்போனதைக் குடித்தான். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிற இடம் அவனுக்குள் எங்கேயோ மூடிக்கிடந்தது. அதைத் திறந்து பார்க்க அவனுக்கு அவசரம் இல்லை.

தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"கொயந்தைக்கு மூணாவது வருசம் முடியப்போவுது. ஒத்தப்படையிலயே காது குத்திடணும். நம்ம அம்மன் கோயில்ல வெச்சு, சிம்பிளா முடிச்சிடலாம்."

"அருள் மச்சானுக்குச் சொல்லணும்" என்றான் லோகேஷ்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, "அதாண்டா சிம்பிளான்றாரு" என்றாள்.

மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். மடி கொடுக்கிறவன்தான் அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க மாமன். வரிசைத்தட்டு எடுப்பதிலிருந்து மாலை போடுவது வரைக்கும் அவன் இல்லாமல் எதுவும் இல்லை. குழந்தை தாரிகாவுக்கு முதல் மொட்டை திருத்தணியில் நடந்தது. அருள் மடியில் வைத்துத்தான் அடித்தார்கள். கத்தி பட்டதும் குழந்தை அவன் வேட்டியை நனைத்துவிட்டது. அகல்யா சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையில் மொட்டைக்கு உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தினகரன் சார் ஒண்ணு கேட்டுக்கிறாரு" என்றார் அப்பா. தினகரன் என்பது கிருஷ்ணப்பிரியாவின் அப்பா. "அவரு பையன் விக்ரம் கீறான் இல்ல, அவன் மடியில வெச்சுக் குத்துங்கன்றாரு. இன்னா தப்பு? நாளைக்கு அவந்தானே மாமன்? கல்யாணத்துக்குன்னு தனியா ஊருக்குச் சொல்ல வேணாம். யாரு மடியில கொயந்தை கீதுன்னு பாத்தாலே நாலு பேருக்குப் புரிஞ்சிடும்."

"அருள் மச்சான் வந்தா?" என்றான் லோகேஷ்.

"அவன் வந்தான்னா அவங்க வரமாட்டாங்க. பயைய சம்பந்தி முன்னாடி எம் பொண்ணு எப்டி நிப்பான்றாரு. அதுவும் ஞாயந்தானே? நீயே சொல்லிடு அவன்கிட்ட. வலிக்காம சொல்லு. சிம்பிளா பண்றோம்னு போடு."

லோகேஷ் மாடிப்படியில் உட்கார்ந்து வாட்ஸப்பில் தட்டினான். 'மச்சான், பாப்பாவுக்கு தை கடைசி வெள்ளிக்கிழமை காதுகுத்து. சிம்பிளா கோயில்ல பண்றோம். நீங்க சிரமப்பட வேணாம்.' அடித்து முடித்ததும் விரல் பழக்கத்தில் அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. எடுத்துப் பார்த்தான். ஆபீசில் எடுத்தால் ஒன்றும் ஆகாத சொல், இங்கே எடுத்ததும் மிச்சம் இருந்தது முழுக்க வெளியே தெரிந்தது: காது குத்துகிறோம், நீ வராதே. மறுபடி அதைப் போட்டான். அனுப்பினான்.

இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை.

அருளுக்குப் பாரிவாக்கத்தில் வீடு. அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கெல்லாம் தண்ணீர் கேன் போடுகிற குட்டி யானை வண்டி ஒன்று வைத்திருந்தான். தங்கை செத்த பிறகு வாரம் தவறாமல் குழந்தையைப் பார்க்க வருவான். ஒரு வாரம் குழந்தை தூங்குகிறது என்றார்கள். ஒரு வாரம் சளி பிடித்திருக்கிறது, கிட்டப் போகாதே என்றார்கள். தீபாவளிக்குக் கொண்டுவந்த பாவாடை சட்டையை அம்மா வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அப்போதெல்லாம் லோகேஷ் வீட்டில்தான் இருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் இருபது பேர்கூடச் சேரவில்லை. ஜமக்காளம், ஒரு மரப்பலகை, ஓரத்தில் டிபன் வந்திறங்கிய அலுமினிய அண்டாக்கள். தினகரன் குடும்பம் காரில் வந்திருந்தது. கிருஷ்ணப்பிரியா தூணோரம் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி விக்ரம் பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தாரிகாவுக்குப் போனில் பொம்மைப் படம் காட்டினான். குழந்தை அவன் தோளில் சாய்ந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அதற்காகவே அவனை வீட்டுக்கு வரவழைத்திருந்தார்கள்.

காது குத்த வந்திருந்த நடேச பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு, குழந்தையின் இரண்டு காதிலும் மையால் புள்ளி வைத்தார். இரண்டும் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

"தாய்மாமன் யாருப்பா? வந்து குந்து."

விக்ரம் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வசந்தா குழந்தையைத் தூக்கினாள். அப்போதுதான் கோயில் வாசலில் குட்டி யானை வந்து நின்றது. பின்னால் காலி கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அடங்கின.

அருள் வெள்ளை வேட்டியில் இறங்கினான். அவன் பெண்டாட்டி ஹேமாவதி ஒரே ஒரு பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, ஒரு சின்ன பாவாடை, அதன் மேல் ஒரு சிவப்பு டப்பி.

பரந்தாமன் எழுந்துபோய் வழியில் நின்றார். "இன்னா அருளு, சொல்லாம கொள்ளாம..."

"சொன்னாரே மாமா. மாப்ள மெசேஜ் போட்டாரே. சிம்பிளா பண்றோம்னு." அருள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். "அதான், பேண்டு வெக்கல. வரிசை எடுக்கல. சொந்தக்காரன் ஒருத்தனையும் இட்டாரல. மடி மட்டும் எட்த்துனு வந்துகிறேன்."

அவன் பலகையில் உட்கார்ந்திருந்த விக்ரமைப் பார்த்தான். புது வேட்டியைப் பார்த்தான். கொஞ்சம் சிரித்தான்.

"ஓ. இத்தான் சிம்பிளா?"

விக்ரம் பாதி எழுந்துவிட்டான். "அங்கிள், அவரே உக்காரட்டும். நான் சும்மா..."

"விக்ரம், உக்காரு" என்றார் தினகரன். குரல் உயரவில்லை. பரந்தாமன் பக்கம் திரும்பி, "சார், இதான் நான் முதல்லயே சொன்னது" என்றார்.

தூணோரத்திலிருந்து கிருஷ்ணப்பிரியா மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "டேய், எழுந்திரு. அவங்கதான் மாமா" என்றாள்.

"உன்னை யாரும் கேக்கல" என்றார் தினகரன். அவள் கைப்பையை மூடினாள்.

வசந்தா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏம்பா அருளு, நல்ல காரியத்துல வந்து வம்பு பண்ணணுமா? எங்களுக்கும் பையன் வாய்க்கைன்னு ஒண்ணு கீது இல்ல?"

"இருக்கட்டும் அத்தே. மாப்ள நல்லாவே வாயட்டும். புதுப் பொண்டாட்டி கட்டட்டும், நானே வந்து பந்தி போடறேன். மாமன் கூடவா புதுசு எடுப்பீங்க? நான் இன்னும் சாவல."

"வாய அடக்கிப் பேசு."

"அடக்கித்தான் பேசறேன். எந் தங்கச்சிக்கு வந்த ஜொரத்தக்கூட சிம்பிள்னுதான் சொன்னாங்க. நானும் நம்பி வூட்ல குந்தினு இருந்தேன். இந்த தபா நம்பல. அதான் வந்துட்டேன்."

அது லோகேஷுக்கு எறியப்பட்டது. அவன் மேல் பட்டதா என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் பத்தரின் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூலைவிடக் கொஞ்சம் தடிமன். வெயிலில் ஒரு பக்கம் மட்டும் மின்னியது.

பத்தருக்கு வேறு கவலை. "ஒரு கொயந்தைக்கு எத்தினி மாமன்பா? ராகு காலம் வந்துடும். யாரு மடின்னு ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு அடுத்து பட்டாபிராம்ல ஒண்ணு கீது."

"மாப்ள சொல்லட்டும்" என்றான் அருள். லோகேஷின் எதிரில் வந்து நின்றான். நாலு மாடி தண்ணீர் கேன் சுமந்து சுமந்து வலது தோள் சற்று இறங்கியிருந்தது. "வேற யாரும் சொல்ல வேணாம். உன் வாயால போன்னு சொல்லு, தட்ட வெச்சுட்டுப் போய்டறேன். இல்ல குந்துன்னு சொல்லு. அவ வயித்துல பொறந்தது. அதுக்கு எங்கூட்டு மடி வேணுமா வேணாமா? அவ்ளோதான் கேள்வி."

லோகேஷ் சுற்றிலும் பார்த்தான். இதில் யாருக்கும் பெரிய பிடிவாதம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. விக்ரம் எழுந்துகொள்ளத் தயாராக முழங்காலில் கை ஊன்றியிருந்தான். கிருஷ்ணப்பிரியா லோகேஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினகரன்கூடக் கோபித்துக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் திரும்பி வருகிற ஆள்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடினான். ஆபீசில் இரண்டு பேர் ஒரே பக்கத்தைத் திருத்திவிட்டு, நான் எழுதியதுதான் சரி என்று சண்டைக்கு நிற்பார்கள். அவன் ஆளுக்கு ஒரு பத்தியைப் பிரித்துக் கொடுத்து அனுப்புவான். ஒரு மடி கேட்டு இரண்டு பேர். ஒரு குழந்தை. இரண்டு காது.

"சிம்பிள்" என்றான். "ஒரு காது மச்சான் மடியில. இன்னொரு காது விக்ரம் மடியில."

டிபன் கொண்டுவந்தவர்களில் யாரோ 'களுக்'கென்று சிரித்தான். பரந்தாமன் கையைத் தட்டினார். "இன்னா மூளை பாருய்யா எம்மவனுக்கு! படிச்சவன் படிச்சவன்தான்." தினகரன் வாட்சைப் பார்த்துவிட்டு, "சரி, சிம்பிளா முடிங்க" என்றார். பத்தர், "எனக்கின்னா, எங்க குந்துனாலும் ரெண்டு ஓட்டதான்" என்றார்.

கிருஷ்ணப்பிரியா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹேமாவதி தட்டைக் கீழே வைத்தாள். "வாய்யா, போலாம். பாதி மடி இன்னா, பிச்சையா போட்றாரு? கொயந்த கறிய கூறு போட்டு விக்கறாங்க, நீ நின்னு வாங்கப்போறியா?"

அருள் லோகேஷை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வசந்தாவின் இடுப்பிலிருந்து தாரிகா அவனை எட்டிப் பார்த்தாள். காதில் மைப்புள்ளி. மூக்கு மட்டும் அப்படியே அகல்யா.

"ஒரு காதுன்னா ஒரு காது" என்றான் அருள். போய்ப் பலகையில் உட்கார்ந்தான்.

குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள். அவள் அழவில்லை. நிமிர்ந்து அவன் மீசையைப் பார்த்தாள். "இது யாரு?" என்று வசந்தாவைக் கேட்டாள்.

"மாமாடா கண்ணு" என்றான் அருள்.

"மாமா அங்க கீது" என்று விக்ரமைக் காட்டினாள்.

அருள் இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தான். திரை முழுக்கத் திருத்தணிப் படம்; மொட்டைத் தலையோடு அவள், பின்னால் வாய் திறந்து சிரிக்கிற அகல்யா. தாரிகா விரலால் அந்த முகத்தை ஒதுக்கித் தள்ளினாள். மறுபடி வந்தது, மறுபடி தள்ளினாள். "பொம்மை படம் போடு" என்றாள்.

ஹேமாவதி சிவப்பு டப்பியைத் திறந்து பத்தரிடம் நீட்டினாள். சிவப்புக் கல் வைத்த இரண்டு கம்மல், மிளகு அளவு. "அவங்கம்மாவுக்கு மொத தபா போட்டது" என்றாள். பத்தர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பியைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டிருந்தது.

ஊசி இடது காதில் இறங்கியது. குழந்தை முதலில் வாயை மட்டும் திறந்தாள். சத்தம் பிறகுதான் வந்தது. திருகைப் போட்டு முடிக்கும்வரை அருள் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தான். விட்டதும் அவள் அவன் முகத்தில் கையால் அடித்துத் தள்ளி, எதிரே இருந்த விக்ரமிடம் தாவினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, அவன் அட்ச்சிட்டான்" என்று விக்ரமிடமே முறையிட்டாள். தினகரன் அந்த நேரம் பார்த்துப் போனில் படம் எடுத்தார்.

பிறகு விக்ரம் பலகையில் உட்கார்ந்தான். இந்த முறை அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலைப் பரந்தாமன் பிடித்தார், கையை வசந்தா பிடித்தாள், தலையைப் பிடிக்க ஆள் இல்லாமல் பத்தர் லோகேஷைக் கூப்பிட்டார். வலது காதில் தினகரன் வாங்கி வந்த வழவழப்பான தங்க உருண்டை ஏறியது.

முடிந்ததும் லோகேஷ் திரும்பிப் பார்த்தான். அருள் கோயில் குழாயில் வேட்டியின் ஒரு முனையை நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். ரத்தம் ஒரு பொட்டுதான், ஆனால் போகவில்லை. யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். குட்டி யானை கிளம்பியபோது கேன்கள் மறுபடி இடித்துக்கொண்டன. பித்தளைத் தட்டு ஜமக்காளத்திலேயே கிடந்தது.

மத்தியானம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, தினகரனிடமிருந்து பரந்தாமனுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு அவர் வசந்தாவிடம் ஏதோ சொன்னார். அவள் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் முகத்தை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு காது செகப்பு, ஒரு காது மஞ்சளு. கூத்தாடிக் கொயந்த மாரி கீது. நாளைக்கு யாராவது இன்னா இது ரெண்டு வெதம்னு கேட்டா, மொத்தக் கதையையும் சொல்லினு நிக்கணும்." தினகரன் கொடுத்த டப்பியில் இரண்டாவது தங்க உருண்டை அப்படியே இருந்தது. அவள் எடுத்தாள். "புண்ணு ஆறிட்டா அப்பறம் இன்னும் கஷ்டம். இப்பவே மாத்திடலாம். பச்சையா கீறப்போ சிம்பிளா வந்துடும். தூக்குடா, மடியில போட்டுக்க."

லோகேஷ் குழந்தையைத் தூக்கி மடியில் கிடத்தினான். அவள் விழித்துக்கொண்டு, பாட்டியின் கை காதுக்கு வருவதைப் பார்த்ததும், "வேணாம்ப்பா" என்றாள். அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். "அப்பா, வேணா சொல்லு."

அவன் அவள் தலையை ஒருபக்கமாகத் திருப்பி, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான். மண்டை சின்னதாக, சூடாக இருந்தது. திருகு ரத்தத்தில் ஒட்டியிருந்ததால் அம்மாவுக்கு இரண்டு முறை வழுக்கியது. கல்லைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டு மாடியில் குடியிருப்பவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். தங்க உருண்டை உள்ளே போக மறுத்தது, பிறகு போனது.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் வசந்தா. "முடிஞ்சிது பாரு."

குழந்தை அழுது அழுது அவன் சட்டையைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். வசந்தா கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஜன்னல் திட்டில் கோயிலிலிருந்து எடுத்துவந்த பித்தளைத் தட்டு இருந்தது. வெற்றிலையை எடுத்துவிட்டிருந்தாள். பாவாடை உள்ளே போயிருந்தது.

"இத்த குடுத்தனுப்பிடு. அடுத்தவங்க தட்டு இங்க இன்னாத்துக்கு? அத்த சாக்கா வெச்சினு மறுபடி வருவான்." ஒரு நிமிடம் யோசித்தாள். "வெறுந்தட்டா திருப்பக் கூடாது. நம்ம வூட்டுக்குத்தான் ஆவாது." சுற்றிலும் பார்த்தாள். கட்டில் விரிப்பில் கிடந்த சிவப்புக் கல் கம்மலை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தாள். திருகையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா. அவங்க பொருளு அவங்களுக்கே போச்சு."

லோகேஷ் தட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். ஆவடியைத் தாண்டிப் பூந்தமல்லி சாலையில் போகும்போது, பள்ளங்களில் வண்டி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பைக்குள் கம்மல் தட்டில் உருண்டு சன்னமாகச் சத்தம் போட்டது. பாரிவாக்கம் சிக்னலில் நின்றபோது அதுவும் நின்றது.

அருள் வீட்டு வாசலில் மறுநாளுக்கான கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தான். வேட்டியை மாற்றிக் கைலி கட்டியிருந்தான். லோகேஷைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டருகே வந்தான். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்தது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"வா மாப்ள. ஏமா, மாப்ள வந்துகிறாரு, டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

லோகேஷ் வண்டியில் உட்கார்ந்தபடியே பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினான். "தட்டு அங்கயே இருந்துச்சு மச்சான்."

அருள் வாங்கினான். கம்மலைப் பார்த்தான். விரலால் தொட்டான். கல்லின் விளிம்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ஹேமாவதி வாசல்படி வரைக்கும் வந்து, அதைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டாள். முகத்தில் இருந்த வெளிச்சம் எப்போது போனது என்று லோகேஷ் கவனிக்கவில்லை.

"அழுதாளா?"

"கொஞ்சம்."

"யாரு மடியில வெச்சுக் கயட்டுனீங்க?"

லோகேஷ் ஹேண்டில்பாரைப் பார்த்தான். "என் மடியிலதான்."

அருள் தலையை ஆட்டினான். டீ வேண்டாம் என்று பெண்டாட்டிக்குக் கையைக் காட்டினான். கைலி மடியிலிருந்து சிவப்பு டப்பியை எடுத்துத் திறந்து, ஒற்றையாகக் கிடந்த கம்மலுக்குப் பக்கத்தில் இதையும் வைத்து மூடினான். பிறகு கேட்டின் ஒரு கதவைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டிய எடு மாப்ள" என்றான். "கேட்ட சாத்தணும்."